லொயோலா எடுக்க மறந்த அரண்

மேசையின் பாதி லொயோலாவின் கட்டத்தில் இருந்தது, மறுபாதி பனிமயத்தின் கட்டத்தில். மணலில் பதித்த மஞ்சள் கோடு மேசைக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, நேராகக் கடலை நோக்கிப் போனது. கோட்டுக்கு இப்பால் அவள் நாற்காலி, அப்பால் அவன் நாற்காலி. ஒன்பது வருடங்களாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் இப்படித்தான் உட்கார்கிறார்கள்.

வெயில் இறங்கும் அந்த நேரத்தில் சுவர் இளஞ்சிவப்பாக மாறும். கடலுக்கும் அவர்களுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் நின்ற அந்தச் சுவரை யாரும் கட்டவில்லை. அது வளர்ந்தது. வளர்கல் என்றுதான் அதற்குப் பெயர். பாசியும் பவளமும் கலந்த ஏதோ ஓர் உயிர். பக்கத்தில் ஒரு மனித நாடி இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தால் அது வளரும், வெடித்த இடம் தானே மூடிக்கொள்ளும். காதை வைத்துக் கேட்டால் தூக்கத்தில் மூச்சுவிடும் குழந்தையைப் போல ஒரு முனகல் கேட்கும்.

கடல் ஏறத் தொடங்கிய பிறகு, தூத்துக்குடிக்குத் தெற்கே தேரிக்கரை முழுவதையும் தேன்கூட்டைப் போல ஆறு பக்கக் கட்டங்களாகப் பிரித்திருந்தது கரைக்காப்புத் துறை. மொத்தம் நாற்பது கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு வீடு, ஒரு காவல் ஆள், அந்த ஆளின் மணிக்கட்டில் ஒரு நாடிக்காப்பு. காப்பு கேட்கும் துடிப்பு மண்ணுக்கு அடியில் போய்க் கல்லைச் சேரும். காவல் ஆள் கட்டத்தை விட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. இருந்தால் அத்தனை வருட வளர்ச்சியும் உதிர்ந்துவிடும் என்று சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டாம் கட்டத்து தஸ்நேவிஸ் மகனைப் பார்க்க பம்பாய்க்குப் போனதும், மறுவாரம் அந்தச் சுவர் சரிந்து உப்பளத் தெருவில் கடல் புகுந்ததும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு யாரும் வெளியூர் போனதில்லை.

மேசை மேல் இருந்த விளையாட்டும் துறை கொடுத்ததுதான். அட்டையில் அச்சடித்த ஆறு பக்கக் கட்டங்கள், சின்னச் சின்னப் படைக்காய்கள், ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட அரண் வில்லைகள். காவலின் விதிகளை மனதில் பதிய வைப்பதற்காகக் கொடுத்தார்கள். மற்ற வீடுகளில் அது பரணுக்குப் போய்விட்டது. இந்த இருவரும் மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

அன்று மூன்றாவது ஆளாக, தேநீர் டம்ளரில் சாய்த்து வைத்த தொலைபேசிக்குள் ஜாஸ்பின் இருந்தாள். பனிமயத்தின் தங்கை. மதுரையில் கணவன் வீட்டில், நிறைமாத வயிற்றின் மேல் ஒரு தட்டு முறுக்கை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நீ ஓடி ஓடி அடிக்க. மச்சான் ஒண்ணும் செய்யாம கன்னத்துல கைய வச்சிட்டு உக்காந்திருக்காரு. கடைசில அவருதான் ஜெயிக்காரு. இது என்ன நியாயம்?"

"ஒண்ணும் செய்யாமலா? அவரு தோண்டுதாருட்டி" என்றாள் பனிமயம். "ஒரு காய் ஒரு சுற்று முழுக்க நகராம, அடிக்காம, நின்ன இடத்துலயே நின்னா அரண் ஒண்ணு. அடுத்த சுற்றும் நின்னா ரெண்டு. அஞ்சு வரைக்கும் ஏறும். அஞ்சுல நிக்கிற காய அசைக்கணும்னா என் காய் நாலஞ்சு சேந்து, மூணு பக்கத்துலருந்து ஏறணும்."

"அப்ப நீயும் தோண்டவேண்டியதுதான?"

"எனக்கு உக்காரப் பிடிக்காது."

லொயோலா சிரித்தான். "உங்க அக்கா கட்டத்துல உக்காந்திருக்கது கவர்மெண்டுக்காக. அட்டையிலயாவது ஓடட்டும்னு விட்டுருதேன்."

"அதுக்கு எதுக்கு ஆறு பக்கம்? கேரம் போர்டு மாதிரி சதுரமா வச்சா ஆகாதா?"

"சதுரத்துல நேராப் போனா ஒரு தூரம், மூலைக்குப் போனா ஒரு தூரம்" என்றான் லொயோலா. "ஆறு பக்கத்துல எந்தப் பக்கம் திரும்புனாலும் ஒரே தூரம். அதோட, என் காய் நிக்கிற இடத்த ஒட்டுன கட்டத்துக்குள்ள எதிரி வந்தா, அவன் அங்கேயே நிக்கணும். தாண்டி ஓட முடியாது. அரணுக்கு அதுதான் பலம். நம்ம நிக்கிற கட்டத்த மட்டுமில்ல, சுத்தி இருக்கிற ஆறையும் சேத்துக் காக்கும்."

"சரி. அஞ்சுல நிக்கிற காய் நகந்துட்டா?"

பனிமயம் ஓர் அரண் வில்லையை எடுத்து, மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டித் தகர டப்பாவில் போட்டாள். "கடலுக்கு" என்றாள். தேரிக்கரையில் இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். காய் நகர்ந்தால் வில்லையை எடுத்து, இரண்டு தட்டு, கடலுக்கு. சிலர் சிலுவை போட்டுக்கொள்வதும் உண்டு. "எல்லாம் போச்சு. புது இடத்துல திரும்ப ஒண்ணுலருந்து தோண்டணும்."

ஜாஸ்பின் முறுக்குத் தட்டைக் கீழே வைத்தாள். குரலில் விளையாட்டு போய்விட்டது.

"எக்கா, டாக்டர் இருபதாம் தேதி சொல்லிருக்காங்க. நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருக்காம். ஆபரேஷன்தான், ரத்தம் நெறய தேவைப்படலாம்னு சொல்லுதாங்க. அத்தையும் இவரும் இருக்காங்க. ஆனா எனக்கு நீ வேணும்."

அம்மா இறந்தபோது ஜாஸ்பினுக்கு ஆறு வயது, பனிமயத்துக்குப் பதினேழு. சடை பின்னியது, பள்ளியில் சேர்த்தது, கல்யாணம் பேசி முடித்தது எல்லாம் அவள். அந்தக் கல்யாணத்தைத் தொலைபேசியில்தான் பார்த்தாள்.

"மாத்து ஆளுக்கு எழுதிப் போட்டுருக்கேம்மா" என்றாள். "பாப்போம்."

மாற்று ஆள் வருவதற்கும் விதி உண்டு. வருகிறவர் ஒரு வருடம் இதே கட்டத்தில் கூடவே தங்கி, கல் அந்த நாடியைப் பழகிய பிறகுதான் பழைய ஆள் கிளம்பலாம். அப்படி வந்து மாட்டிக்கொள்ள நான்கு வருடமாக ஒருவரும் முன்வரவில்லை. இருபதாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

அந்த ஆறு மணி நேர விதிதான் லொயோலாவையும் அவளையும் கோட்டின் இரண்டு பக்கமும் வைத்திருந்தது. நாலாவது வருடம் ஒரு மாதா திருவிழா அன்று, அவன் அவளிடம் நேராகவே கேட்டான். அவள் சம்மதமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"நான் உம்ம வீட்டுக்கு வந்தா என் கல் உதிரும். நீரு இங்க வந்தா உம்ம கல். ஆறு மணி நேரக் கல்யாணமா பண்ணிக்கிடச் சொல்லுதீரு? பிள்ள பொறந்தா அது எந்தக் கட்டத்துல தூங்கும்?"

அவன் எழுந்து தன் வீட்டுக்குப் போனான். மறுநாள் ஐந்து மணிக்கு வழக்கம்போல அட்டையை விரித்தான். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. ஆனால் அவள் தலைக்குக் குளித்த நாளில் அவன் காயை நகர்த்த மறந்துவிடுவதும், அவனுக்கு இருமல் என்றால் அவள் காலையிலேயே சுக்குக் காப்பியோடு கோட்டைத் தாண்டுவதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

துறையின் பதில் ஒரு வாரத்தில் வந்தது. மாற்று ஆள் இல்லை. வருந்துகிறோம்.

அன்று சாயங்காலம் கடலிலிருந்து கொண்டல் காற்று மெல்ல வீசியது. சுவருக்கு அப்பால் கடல் இருக்கிற சத்தமே கேட்கவில்லை. பனிமயம் காயை நகர்த்தினாள். ஆனால் அவள் மனம் மதுரையில் ஏதோ ஒரு மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தது. லொயோலாவும் அன்று சரியாக இல்லை. கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தான்.

திடீரென்று அவன் அட்டையின் நடுவில் இருந்த மேட்டுக் கட்டத்திலிருந்து தன் காயை எடுத்தான். அரண் ஐந்தில் ஏழு சுற்றாக அசையாமல் நின்ற காய். இரண்டு கட்டம் தள்ளி வைத்தான். அவன் இப்படி ஒரு நாளும் ஆடியதில்லை.

பனிமயம் காத்திருந்தாள். இரண்டு தட்டுச் சத்தம் வரவில்லை. சரி, மறந்திருப்பான் என்று நினைத்து, காலியான அந்த மேட்டுக்குத் தன் காயைக் கொண்டுபோனாள்.

"நல்ல இடம். அரண் அஞ்சு இருக்குல்ல, இனி உனக்குத்தான்" என்றான் லொயோலா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அவள் கை அந்தரத்தில் நின்றது. எண் ஐந்து எழுதிய வில்லை மேட்டின் மேல் அப்படியே இருந்தது.

"யாரு அரணு? ஆளுதான் போயாச்சே. ஆளு போனா அரணும் போயிரும்லா?"

லொயோலா குனிந்து அட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கை வேகமாக வில்லையை நோக்கிப் போய், பாதியில் நின்றுவிட்டது. அவன் முகத்தில் இருந்தது ஆட்டத்தில் தப்புச் செய்தவனின் அசடு அல்ல. ஒன்பது வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்த முகம், அவளுக்குத் தெரியாதா?

"ஒம்பது வருசத்துல ஒருக்காகூட நீரு அந்த வில்லைய எடுக்க மறந்ததில்ல" என்றாள் மெதுவாக. "இன்னைக்கு மறக்கல. அது அங்கேயே இருக்கும்னு நினைச்சீரு. ஏன்?"

"பனி..."

"ஏன் அப்படி நினைச்சீரு?"

காற்றுக்குக் காய் ஒன்று சரிந்தது. அவன் அதை நிமிர்த்தி வைத்தான்.

"எங்க அம்மைக்கு ஏலாமப் போச்சுல்ல, மூணு வருசம் முன்னால. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில."

"அஞ்சு மணி நேரத்துல போயிட்டு வந்துட்டேன்னு சொன்னீரு. முகம் பாத்தேன், வந்துட்டேன்னு."

"அஞ்சு மணி நேரத்துல அம்மை உயிரு போகல பனி. கைய விடாமப் பிடிச்சிருந்தாவ. ரெண்டு நாள் இருந்தேன். அடக்கம் முடிச்சுட்டுத்தான் வந்தேன். நீ அப்ப காய்ச்சல்ல கிடந்த, உனக்குத் தெரியல."

"காப்பு?"

"கழட்டி ஆட்டுக் கழுத்துல கட்டிட்டுப் போனேன்."

"எதுல?"

"ஆட்டுல. நம்ம வெள்ளாடு. கொட்டில்ல கட்டிக் கிடந்துச்சு. திரும்பி வரும்போது சுவரு விழுந்து கிடக்கும்னு நினைச்சு, செத்தே போயிட்டேன். வந்து பாத்தா ஒரு பொடி உதிரல. விரக்கடை அளவு வளந்துகூட இருந்துச்சு."

பனிமயத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. ஒன்பது வருடம் தன் தங்கையின் கல்யாணத்தையும், தன் இளமையையும், எதிரே இருந்த மனிதனையும் விட்டுவிட்டு அவள் பார்த்த வேலையை ஓர் ஆடு இரண்டு நாள் தழை தின்றுகொண்டே பார்த்திருக்கிறது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மூணு வருசமா உனக்குத் தெரியும்."

அவனை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் முறை.

"ஜாஸ்பின் கல்யாணம் ரெண்டு வருசத்துக்கு முன்னாலதான். அன்னைக்கும் உனக்குத் தெரியும். இந்த மேசையில இருந்துதான நான் அழுதேன்? நீ துண்ட எடுத்துக் குடுத்தியே, அப்பவும் தெரியும்."

"சொல்லணும்னுதான் தினமும் அஞ்சு மணிக்கு வந்து உக்காந்தேன்."

"பெறகு?"

"சொன்னா நீ போயிருவ" என்றான். "உனக்கு உக்காரப் பிடிக்காது. போனா திரும்பி வர என்ன இருக்கு இங்க? நான் இருக்கேன்னு நினைச்சுப் பாத்தேன். அது போதும்னு எனக்குத் தைரியம் வரல."

அவள் எழுந்தாள். நாற்காலி மணலில் சாய்ந்தது. இளஞ்சிவப்பாக முனகிக்கொண்டிருந்த சுவரைத் தாண்டி எங்கோ ஒரு கடற்காகம் கத்தியது. அவள் கோட்டைத் தாண்டாமல் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் துறைப் பொறியாளர் சங்கரவடிவு படகில் வருவார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி. சுவரைத் தட்டிப் பார்த்து, அளவெடுத்து, பனிமயம் தரும் மோரைக் குடித்துவிட்டுப் போவார். அந்த வாரம் மோர் இல்லை.

"மேடம், ஆடு காப்பு போட்டா கல் வளருமா?"

சங்கரவடிவு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சுருட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார். மறுக்கவில்லை. மறுக்காததில் அவருக்கே ஒரு நிம்மதி இருந்ததுபோலத் தெரிந்தது.

"வளரும். நாடி யாரோடதுன்னு கல்லுக்குத் தெரியாது. ஏதோ ஒண்ணு பக்கத்துல துடிக்கணும், அவ்வளவுதான். எதுவுமே இல்லன்னாலும் உதிராது. அப்படியே நிக்கும். வளராது, வெடிச்சா ஆறாது. அதுதான் வித்தியாசம்."

"அப்ப தஸ்நேவிஸ் அண்ணாச்சி சுவரு?"

"அதுல பழைய வெடிப்பு இருந்துச்சு. அவர் இருந்திருந்தாலும் விழுந்திருக்கும்."

"அந்த மனுசன் அந்த நினைப்புலயே செத்துப்போனாரு மேடம். தெரியுமா உங்களுக்கு?"

சங்கரவடிவு மணலில் உட்கார்ந்தார். "தெரியும்" என்றார். தனக்குத்தானே சொல்வதுபோலப் பேசினார். "காலேஜ் ஹாஸ்டல்ல நாங்க நாலு பேர் இந்த ஆட்டம்தான் ஆடுவோம். அரண் யாருக்குச் சொந்தம்னு ரெண்டு விதமா ஆடலாம். காயோட போற மாதிரி ஒரு விதி. காய் போனாலும் கட்டத்துலயே தங்குற மாதிரி ஒண்ணு. ரெண்டாவது விதியில யாரும் ஒரு இடத்துல நிக்க மாட்டாங்க, தோண்டி வச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. இங்கயும் முதல் வருஷம் உண்மையச் சொல்லித்தான் ஆரம்பிச்சோம். மாத்தி மாத்தி இருங்க, லீவு எடுத்துக்கோங்கன்னோம். நாப்பது பேர்ல முப்பத்தொரு பேர் லீவுல போனாங்க. ஆறு பேர் திரும்பி வந்தாங்க. அந்த ஐப்பசியில வெடிச்ச சுவருங்க ஆறாம, பின்னால இருக்கிற தெருவுல பதினெட்டு வீடு போச்சு. அதுக்கப்புறம் புது ஆளுங்கள எடுத்தோம். உங்கள எடுத்தோம். முதல் விதியச் சொன்னோம்."

"எங்ககிட்ட அந்தப் பதினெட்டு வீட்டப் பத்திச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா இருந்திருப்பீங்களா?"

"தெரியல. கேட்டிருந்தாத்தான தெரியும்?"

அலை சுவரில் மோதும் ஓசை தூரத்தில் யாரோ துணி துவைப்பதுபோலக் கேட்டது. சங்கரவடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பனிமயம், நீங்க போயிட்டு வாங்க. தங்கச்சியப் பாருங்க. நான் ஏற்பாடு பண்றேன். மத்தவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இன்னும் மூணு மாசத்துல மழைக்காலம்."

பனிமயம் மணிக்கட்டைத் திருப்பிக் காப்பின் கொக்கியை நெகிழ்த்தினாள். ஒன்பது வருடத்தில் முதல் முறை. அது இருந்த இடத்தில் தோல் வெளிறி, புதிதாகப் பிறந்தது போல இருந்தது. காப்பைச் சங்கரவடிவின் மடியில் வைத்தாள்.

"நீங்க போட்டுக்கோங்க மேடம்."

"நானா?"

"ஏற்பாடு பண்ணுதேன்னீங்கள்ல? அரிசி பானையில இருக்கு. மோருக்கு உறை ஊத்தி வச்சிருக்கேன். எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன். என்கிட்டயும் யாரும் எதையும் சொல்லல."

சங்கரவடிவு இடது கையை நீட்டி, காப்பை மாட்டிக்கொண்டார். மணலுக்கு அடியில் எதுவோ ஒரு கணம் தயங்கி, மறுபடி முனகத் தொடங்கியது.

மறுநாள் விடிந்ததும் பனிமயம் துணிப்பையோடு கிளம்பினாள். பேருந்து நிற்கும் சாலைக்குப் போக ஏழு கட்டங்களைக் கடக்க வேண்டும். முதல் கட்டம் லொயோலாவுடையது. அவன் வாசலில் நின்றான். சவரம் செய்யாத முகம்.

"போறியா?"

"போறேன்."

"பனி, நான்..."

"இப்ப ஒண்ணும் சொல்லாத. நீ சொல்லியிருக்கவேண்டிய நேரம் வேற."

அவன் கட்டத்தைத் தாண்டி நடந்தாள். அடுத்த கட்டத்து வாசலில் மிக்கேலம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். பனிமயம் தாண்டிப் போயிருக்கலாம். கால் நின்றுவிட்டது. பதினெட்டு வீடுகளின் கதையைச் சொன்னாள். ஆட்டின் கதையையும் சொன்னாள். இரண்டையும் சொன்னாள், ஒன்றையும் விடவில்லை.

மிக்கேலம்மா முதலில் நம்பவில்லை. பிறகு மீன் கையோடு காப்பைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "என் மூத்தவனுக்குப் பிள்ளை ரெண்டு இருக்கு தாயி. அதுங்க வாசம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அரிந்த மீனைப் பூனைக்கே போட்டாள்.

மற்ற ஐந்து வாசல்களிலும் பனிமயம் நின்றாள். பேருந்தில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தான் இல்லாமலும் சுவர் அங்கே நிற்பது தெரிந்துவிடும். அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

ஜாஸ்பினுக்குப் பெண் குழந்தை. ரத்தம் நான்கு பாட்டில் ஏற்றினார்கள். ஒரு மதியம் முழுவதும் மருத்துவர்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். பனிமயம் சுவரோரமாக நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கதவு திறந்து, தங்கை கண் விழித்து, "எக்கா எங்க?" என்று கேட்டதாகச் செவிலி வந்து சொன்னபோதுதான் நகர்ந்தாள்.

அதற்குப் பிந்தைய நாட்கள் கனவு மாதிரி கழிந்தன. குழந்தையின் தலையில் பால் வாசம். சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதன் நிழல் தொட்டிலில் ஆடும். எல்லாம் அவள் ஒன்பது வருடம் ஆசைப்பட்டதுபோலவே இருந்தது. ஆனால் அவள் வார்டை விட்டு வெளியே போகவில்லை. மருந்து வாங்கவும் சாப்பாடு வாங்கவும் ஜாஸ்பினின் கணவனையே அனுப்பினாள். ஐந்தாம் நாள் ஜாஸ்பின் அதைக் கண்டுபிடித்தாள்.

"எக்கா, எதுத்தாப்புல கடையில எனக்கு ஒரு பன் பட்டர் ஜாம் வாங்கிட்டு வா."

"அவர வரச் சொல்லுதேன்."

"நீ போ. நீ ஏன் அந்த வராந்தாவ விட்டு இறங்க மாட்டேங்க? நானும் பாக்கேன், வாசப்படி வரைக்கும் போற, திரும்பிருத."

பனிமயத்துக்கு அதுவரை அது தெரியாது. யோசித்துப் பார்த்தாள். வாசற்படி வரை போவாள், மார்பு படபடக்கும், எதையோ உதிர்த்துவிடப் போவதுபோல இருக்கும், திரும்பிவிடுவாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. ஜாஸ்பின் கையை நீட்டி அக்காளின் வெளிறிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தையல் போட்ட வயிற்றோடு எழுந்து, ஒரு கையில் சுவரையும் மறு கையில் அக்காளையும் பிடித்து, வாசற்படி வரை நடத்திக் கூட்டிப் போனாள். பனிமயம் இறங்கினாள். சாலையைக் கடந்தாள். பன் வாங்கினாள். திரும்பி வரும்போது அழுதுகொண்டிருந்தாள். கடைக்காரர் மீதிச் சில்லறை குறைகிறதோ என்று பயந்துபோனார்.

ஊரை விட்டு வந்த இருபத்தொன்பதாம் நாள் அவளே லொயோலாவை அழைத்தாள்.

"சுவரு?"

"நிக்குது" என்றான். "இருபத்தாறு பேரு போயிட்டாவ. பதினோரு பேரு திரும்பிட்டாவ. மத்தவிய வருவாவளான்னு தெரியல. மிக்கேலம்மா போன ஞாயித்துக்கிழமை வந்துட்டாவ. ரெண்டு பேரப்பிள்ளயளையும் கூட்டிட்டு வந்து, காப்ப ஆளுக்கு ஒரு நாள் மாட்டி விடுதாவ. ரெண்டும் சண்ட போடுது, எனக்கு உனக்குன்னு."

"வடிவு மேடம்?"

"உன் வீட்டுலதான் இருக்காவ. தெனமும் அஞ்சு மணிக்கு எங்கூட விளையாட வருதாவ. ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விட மாட்டேங்காவ. பெரிய ஆபீசருக்குக் கடுதாசி எழுதிருக்காவளாம், எல்லாத்தையும் சொல்லி. பனி, என்ன மன்னிச்சிட்டியா?"

"இல்ல."

"பெறகு ஏன் கூப்பிட்ட?"

"பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். வா."

மறுமுனையில் கடல் மட்டும் கேட்டது.

"நானா? இங்கருந்து கிளம்பியா? மழைக்காலம் வருது. என் கட்டத்த யாரு..."

"கல் நிக்கும்னு உனக்கு மூணு வருசமாத் தெரியும். மிக்கேலம்மா இருக்காவ. உன் ஆடு இருக்கு. அட்டையில மூணு சுற்று, நாலு சுற்றுன்னு ஒரே இடத்துல தோண்டிட்டே இருப்ப. நான்தான் ஒவ்வொரு தடவையும் உன்கிட்ட வந்து முட்டுவேன். இனிமே வரமாட்டேன்." தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை எட்டரை மணிக்கு, மருத்துவமனைக்குப் பக்கத்துக் கோயில் வாசலில் பனிமயம் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். மதுரை வெயில் அதற்குள் ஏறியிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேருந்து வந்து நின்று, நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் லொயோலா நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் தூத்துக்குடி மக்ரூன் பலகாரப் பெட்டி. அவளைப் பார்த்துவிட்டான்.

நடைபாதை விளிம்பில் அவன் ஒரு காலை இறக்கினான். ஆட்டோ ஒன்று உரசிப் போனது. காலை எடுத்துக்கொண்டான். மறுபடி இறக்கினான், மறுபடி எடுத்தான். வண்டிகளுக்காக மட்டும் அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் படபடப்பு அவளுக்கும் பழக்கம்தான். இங்கிருந்தே அவன் நெற்றி வியர்ப்பது தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட அவள் கால் துடித்தது.

அவள் போகவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இந்தப் பக்கமே நின்றாள்.

அவனுக்குப் பக்கத்தில் மல்லிகைப்பூக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் இந்த வேடிக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போப்பா. நீ இறங்குனாத்தான் வண்டி நிக்கும். நீ நின்னா அது போய்க்கிட்டேதான் இருக்கும்."

லொயோலா மக்ரூன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். சாலையைப் பார்க்கவில்லை, பனிமயத்தை மட்டுமே பார்த்தான். பிறகு இறங்கி நடந்தான்.